அடி போச்சு

பழைய கிட்டார் பெடல் விற்க வருகிறவர்கள் யாரும் அதை ஒரு கச்சேரிக்கு மேல் வாசித்ததில்லை. கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். அடிப்பக்கம் ஒட்டிய வெல்க்ரோப் பட்டையில் ஏழெட்டு மேடைகளின் தூசி அப்பியிருக்கும். மிதித்து மிதித்து சுவிட்சின் பூச்சு போய்ப் பித்தளை இளித்துக்கொண்டிருக்கும். "வாங்குன நாள்லேர்ந்து டப்பாவுக்குள்ளதாங்க இருந்துச்சு" என்று முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொல்வார்கள். அண்ணி "அப்படியா, பாவம்" என்று கேட்டுக்கொண்டே வெல்க்ரோவை உரித்து, அடியில் நம்பர் இருக்கிறதா என்று பார்ப்பாள். நம்பரைச் சுரண்டியிருந்தால் எங்கிருந்தோ கிளப்பிக்கொண்டு வந்த சாமான் என்று அர்த்தம். டீ கூடக் கொடுக்காமல் அனுப்பிவிடுவாள்.

அவள் ஒருத்தனுக்குத்தான் அண்ணி. கொழுந்தன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வருகிற பேஸ் கிட்டார்க்காரர்கள் எல்லாருக்கும் அண்ணியாகிவிட்டாள். அவளுக்கு அப்பா வயதுள்ள வழுக்கைத் தலையர்கள் "அண்ணி, கேபிள் இருக்கா?" என்று கேட்கும்போது ஆரம்பத்தில் எரிச்சலாக வந்தது. இப்போது பழகிவிட்டது.

வீட்டின் முன்னறைதான் கடை. பேஸ் கிட்டாருக்கான பழைய சாமான்கள் மட்டும்தான் வாங்குவதும் விற்பதும். காலால் மிதித்தால் சத்தத்தை மாற்றிக் கொடுக்கும் கையகல இரும்புப் பெட்டிகளான பெடல்கள், அவற்றுக்கான கேபிள், அடாப்டர், தோள்வார், உறை. அண்ணி துடைப்பாள், தைப்பாள், படம் பிடித்து விற்பனைக்குப் போடுவாள். பேட்டரி கசிந்து பச்சை பூத்த இடத்தை வினிகர் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுப்பாள். குமிழ்களின் இடுக்கில் சேர்ந்த அழுக்கைப் பழைய பல் பிரஷ் கொண்டு தேய்ப்பாள். வெல்க்ரோவின் பசைதான் அவளுக்கு ஜென்ம விரோதி. மண்ணெண்ணெய்த் துணியால் எவ்வளவு தேய்த்தாலும் விரலோடு வரும், சோற்றுக் கையில் வாசம் அடிக்கும்.

கொழுந்தன் மாடி அறையில் பெடல்களைத் திறந்து உள்ளே சரிபார்ப்பான். எந்நேரமும் ஈயப் பற்றவைப்புப் புகையில் இருக்கிறவன் என்பதால் அவனுக்கு ஈயம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பேச்சும் ஈயம்தான், கனமாகத் தொண்டைக்குள்ளேயே நிற்கும். அவன் முடித்துக் கொடுப்பது கடைசியாக அண்ணியின் கணவரிடம் வரும். அவருக்கு ஊர் வைத்த பெயர் காதுக்காரர்.

பேஸ் என்றால் அடிச் சத்தம். மட்டமான பெடலுக்குள் அதை விட்டால் மேலே சிணுங்கல் மட்டும் வரும், கீழே இருக்க வேண்டியது காணாமல் போய்விடும். அதற்கு அந்த வீட்டில் 'அடி போச்சு' என்று பெயர். காதுக்காரர் கிட்டாரை மடியில் வைத்து, தடித்த கம்பியை ஒருமுறை மீட்டி, கண்ணை மூடிக் கேட்பார். "அடி இருக்கு" என்று அவர் சொல்லிவிட்டால் வாங்குகிறவர்கள் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக்கொண்டு போவார்கள். பார்க்காமலே வெளியூரிலிருந்து வாங்குகிறவர்களும் "அண்ணன் கேட்டாச்சா?" என்று மட்டும்தான் கேட்பார்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் மூன்று பேருக்கும் சோறு.

மழை தொடங்கியதிலிருந்து அந்த வார்த்தை அவர் வாயில் வருவது நின்றுபோனது. கொழுந்தன் கொண்டுவந்து வைக்கும் பெடலையெல்லாம் மீட்டுவார், கண்ணைத் திறப்பார், "அடி போச்சு" என்று தள்ளிவைப்பார். கொழுந்தன் மாடிக்கு எடுத்துப் போவான். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவருவான். மறுபடியும் அடி போயிருக்கும். தள்ளிவைத்த பெடல்கள் அலமாரியின் கீழ்த்தட்டை நிறைத்துத் தரைக்கு வந்தன.

ஒருநாள் மத்தியானம் அண்ணி தோள்வாருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உள்ள இருக்கற பழைய சிப்பை உருவிட்டு மட்டமானதைப் போடறான். அந்தப் பழைய சிப்புக்குன்னே அலையற ஆளுங்க இருக்காங்க. பெட்டி பழசு, உள்ள புதுசு. யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியுதே."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரியாது."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இந்த இடத்தில் அவள் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. மாடி அறையைப் பெருக்கும்போது மேசைக்குக் கீழே ஒரு மிட்டாய் டப்பாவைப் பார்த்ததையும், அதற்குள் பிடுங்கிப்போட்ட சிப்புகள் குவிந்து கிடந்ததையும் சொன்னாள். அதோடு நிற்காமல், அடுத்த தெருவில் இதே வியாபாரம் பண்ணுகிறவரின் கடையிலிருந்து கொழுந்தன் மழைக்கோட்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு இறங்கி வந்ததையும் சொல்லிவைத்தாள். அவளுக்கும் சந்தேகம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. சாப்பிடும்போது அவன் அண்ணன் முகத்தைப் பார்ப்பதேயில்லை, கேட்டதற்குத் தட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறான். நெஞ்சில் ஒன்றுமில்லாதவன் ஏன் தட்டைப் பார்க்க வேண்டும்?

அவர் மற்றதையெல்லாம் அடுக்கினார். ஸ்பீக்கரில் உம்மென்று ஓர் இரைச்சல் வந்துகொண்டே இருக்கிறது, எர்த் ஒயரை மாற்று என்று இரண்டு தடவை சொல்லியாயிற்று, அவனும் மாற்றினேன் என்கிறான், இரைச்சல் மட்டும் போகவில்லை. வேலையில் மனசே இல்லை. கேட்டால் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறான். முன்னெல்லாம் இந்தத் திமிர் கிடையாது.

"எதுவா இருந்தாலும் கையும் களவுமாப் பிடிக்கணும்," என்றார். "உன் நகப்பூச்சு இருக்கா?"

அந்த வாரம் நெட்டை தன் பெடலை விற்றுவிட்டுப் போயிருந்தான். ஹோட்டல் ஒன்றில் வாசிக்கிறவன், நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வருவான். வந்தவர்களிலேயே உண்மை பேசிய ஒரே ஆள் அவன்தான். "வருஷக்கணக்கா மிதிமிதின்னு மிதிச்சிருக்கேன் அண்ணி, ஆனா அடி மட்டும் அசையாது" என்று சொல்லித்தான் கொடுத்தான். அந்தப் பெடல் மாடிக்குப் போவதற்கு முன்னால் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். சொந்த வீட்டில் திருட வந்தவர்கள் மாதிரி இருந்தது அவளுக்கு. அடித்தகட்டின் திருகாணிகளைக் கழற்றி, உள்ளே இருந்த சிப்பின் முதுகில் சிவப்பாக ஒரு சொட்டு வைத்தாள். குனிந்திருந்ததில் அவளுடைய முடி ஒன்று உதிர்ந்து பூச்சில் ஒட்டிக்கொண்டது. பாதி நரை, பாதி சாயம். எடுக்கப் போனவள், இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பெடல் மாடியிலிருந்து இறங்கியபோது காதுக்காரர் கம்பியை மீட்டினார். நெற்றி சுருங்கியது. இன்னொரு தடவை மீட்டினார்.

"போச்சு. நெட்டையோட பெடல்லயே கை வச்சுட்டான்."

கொழுந்தன் மாடிக்குப் போகும்வரை காத்திருந்து அவள் தகட்டைக் கழற்றினாள். சிவப்புச் சொட்டு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. முடியும் இருந்தது, பாதி நரையும் பாதி சாயமுமாக, அவள் விட்ட அதே கோணலில்.

"மாத்தலைங்க. அதேதான் இருக்கு, பாருங்க."

அவர் பார்த்தார். "உன் நகப்பூச்சு ஜன்னல்லதானே கிடக்கு. வேற சிப்புல ஒரு சொட்டு வச்சிருப்பான்."

"முடி?"

"உன் சீப்புல இல்லாத முடியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கொழுந்தன் அண்ணியின் சீப்பைத் தேடி, நரையும் சாயமும் சரிபாதியாக ஒரு முடியைப் பொறுக்கி, அதே கோணலில் ஒட்டிவைத்தான் என்று ஒரு மனுஷன் நம்புகிறார். ஆனால் சிரிப்பு வரவில்லை. அந்த முடி அவளுடையது, சொட்டு அவள் வைத்தது, சிப்பை யாரும் தொடவில்லை. அப்படியானால் அடி எங்கே போனது என்று அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் மழை விட்டு விட்டுப் பெய்தது. முன்னறை ஜன்னல் வழியாகத் தண்ணீர் தரைக்கு வந்துவிட்டது. அண்ணி ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டி மேலே வைத்துவிட்டுத் தரையைத் துடைத்தாள். காதுக்காரர் உள்ளே படுத்திருந்தார். இரண்டு ரொட்டியைச் சுட்டு, முட்டையைப் பொரித்து எடுத்துக்கொண்டு அவள் மாடிக்குப் போனாள். சாப்பாடு ஒரு சாக்கு.

கொழுந்தன் பற்றவைக்கும் கம்பியை ஈரப் பஞ்சில் துடைத்துத் தாங்கியில் வைத்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை. மேசைக்குக் கீழே கைவிட்டு மிட்டாய் டப்பாவை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இது என்ன தம்பி?"

"செத்தது அண்ணி. எரிஞ்சுபோன சிப்பு. தூக்கிப் போட மனசு வராம சேர்த்து வச்சிருக்கேன்." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "அண்ணன் பார்க்கச் சொன்னாரா?"

"அடுத்த தெருக் கடைக்கு எதுக்குப் போனே?"

அவன் ரொட்டியைப் பிய்த்தான். முதலில் தன் கையையே சந்தேகப்பட்டதாகச் சொன்னான். பற்றவைத்ததையெல்லாம் பிரித்து மறுபடி பற்றவைத்தானாம், தூக்கமே போயிற்றாம். கடைசியில் வேறொரு காதில் கொடுத்துக் கேட்டுவிடலாம் என்று அண்ணனுக்குத் தெரியாமல் அந்தக் கடைக்காரரிடம் எடுத்துப் போனான். அவர் எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, விற்கிறாயா என்று கேட்டிருக்கிறார்.

"அப்ப ஏன் அண்ணன்கிட்ட சொல்லலை?"

"நல்ல சாமானை வேணும்னே நொட்டை சொல்றார்னா அதுக்குக் காரணம் இருக்கும்ல? உங்க தம்பி வண்டி ஓட்டறதை விட்டுட்டு இங்க வரப்போறார்னு பேச்சு அடிபடுது. என்னை வெளிய தள்ளணும்னா நேராவே சொல்லலாமே அண்ணி. எதுக்கு என் வேலையைக் கெட்ட வேலைன்னு ஆக்கணும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. தன் தம்பி ஏதோ ஒருநாள் விளையாட்டாகச் சொன்ன பேச்சு இந்த மாடி அறையில் இப்படி வளர்ந்து நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு, கீழே ஒருத்தர் இவனைத் திருடன் என்கிறார், மேலே ஒருத்தன் அவரைச் சூழ்ச்சிக்காரர் என்கிறான். ஏதோ சொல்ல அவள் வாயெடுத்தபோது கீழேயிருந்து காதுக்காரரின் குரல் வந்தது.

"டேய், அந்த எர்த் ஒயரைப் பாருடான்னு எத்தனை தடவை சொல்றது? உம்மு உம்முன்னு தலைக்குள்ள குடையுது. படுக்க முடியல."

"காலையில பார்க்கறேண்ணே," என்றான் கொழுந்தன் இருந்த இடத்திலிருந்தே.

"கேக்கறேன்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"காலையில பார்க்கறேன்னேன்."

"திமிருடா உனக்கு. நாளைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டறேன். நெட்டையையும் வரச் சொல்றேன். அவன் பெடலை அவனே வாசிச்சுப் பார்த்துச் சொல்லட்டும். அப்புறம் நீ உன் சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

கொழுந்தன் தட்டை நகர்த்தி வைத்தான். அண்ணி அசையாமல் நின்றாள். ஸ்பீக்கரின் பிளக்கை அவளே பிடுங்கிச் சுருட்டி வைத்திருந்தாள். கீழே உம்மென்று இரைவதற்கு ஒன்றுமே இல்லை.

ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவுக்கு வந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் அவர் அதன் பக்கத்திலேயே நின்றது, தொட்டி வழிந்தது. லாரி வருவது தெரியாமல் தெருவில் குறுக்கே போய்த் திட்டு வாங்கியது. அவள் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் உடனே திரும்புகிறார், அவளுடைய குரல் கீச்சுக் குரல். எதிரில் உட்கார்ந்து கொழுந்தன் பேசினால் முணுமுணுக்கிறான் என்கிறார். அவர் காதிலிருந்து அடிச் சத்தம் மட்டும் கழன்றுகொண்டிருக்கிறது. இத்தனை நாள் பக்கத்திலேயே படுத்திருந்தும் தெரியவில்லையே என்று தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. காதுக்காரரின் காதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

சொன்னால் அவரிடம் என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பார்த்தாள். அவருடைய பெயரே அந்தக் காதுதான். சொல்லாவிட்டால் நாளைக்கு ஒருத்தன் திருடன் என்ற பட்டத்தோடு வீட்டை விட்டுப் போவான். புருஷனை நெட்டை முன்னால் செவிடனாக்குவதா, கொழுந்தனைத் திருடனாக்குவதா? காலையில் டீ போடும்போதும் அவள் முடிவுக்கு வரவில்லை. டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

நெட்டை குனிந்து உள்ளே வந்து, டீயை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, தன் பழைய பெடலைத் தடவிப் பார்த்தான். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவனுக்குப் பாதி தெரிந்திருந்தது. மீதி பாதிக்குக் கொழுந்தனின் முகத்தைப் பார்த்தான். கொழுந்தன் வாசலோரம் நின்றான், பக்கத்தில் துணிப்பை ஒன்று தயாராக இருந்தது. காதுக்காரர் செருப்பில்லாமல் அறை நடுவில் கைகட்டி நின்றார். நெட்டை ஸ்பீக்கரின் பிளக்கைச் செருகி, கிட்டாரை மாட்டிக்கொண்டு தடித்த கம்பியை மீட்டி, சுவிட்சை மிதித்தான்.

"நல்லா இருக்கேண்ணே," என்றான். "நான் குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு."

"அடி?"

"அடியும் இருக்குண்ணே."

"நீயும் அவன் பக்கம்தானா?" காதுக்காரர் நெட்டையையே உற்றுப் பார்த்தார். "எவ்வளவு தர்றேன்னான்?"

நெட்டைக்கு முகம் செத்துவிட்டது. அண்ணி அப்போதுதான் எழுந்தாள். ஸ்பீக்கருக்கு முன்னால் போய், குமிழ்கள் அவருக்குத் தெரியாதபடி மறைத்து நின்றாள். தினம் துடைக்கிற குமிழ்கள், எது எது என்று கைக்குத் தெரியும். அடிச் சத்தத்துக்கான குமிழைச் சுத்தமாகக் குறைத்தாள்.

"வாசிப்பா," என்றாள்.

கம்பி சிணுங்கியது. "இதைத்தான் சொல்றேன்," என்றார் காதுக்காரர். "இதுல எங்க இருக்கு அடி?"

அவள் குமிழை முழுக்கத் திருப்பினாள். மறுபடி வாசிக்கச் சொன்னாள். நெட்டை அவளைப் பார்த்தான், தயங்கினான், மீட்டினான். அறையே நடுங்கியது. அலமாரியில் பெடல்கள் ஒன்றோடொன்று உரசின, நெட்டையின் டீயில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. சுவரில் ஊன்றியிருந்த கையைக் கொழுந்தன் அதிர்வில் எடுத்துவிட்டான். காதுக்காரர் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். சத்தம் அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப சொல்லுங்க," என்றாள்.

"இல்ல," என்றார். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

அண்ணி குமிழை விட்டு விலகி நின்றாள். அது எங்கே திரும்பியிருக்கிறது என்பதை மற்ற இருவரும் பார்த்தார்கள், அவரும் பார்த்தார். நெட்டை நல்ல மனுஷன். கிட்டாரைக் கழற்றிச் சாய்த்து வைத்தான், ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது என்று யாரும் கேட்காமலே சொன்னான். டீயைக் குடிக்காமல், நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு வெளியே போனான்.

காதுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலோரம் நின்ற கொழுந்தன் பையை எடுக்கவுமில்லை, உள்ளே வரவுமில்லை. இந்த மழைக்காலம் முழுக்கத் தொண்டையில் கிடந்தது இப்போதுதான் வெளியே வந்தது.

"நான் எதையும் எடுக்கலைண்ணே. நான் திருடன் இல்ல."

காதுக்காரர் அவன் உதடுகளைப் பார்த்தார். பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றான்?"

டப்பாவைப் பற்றி அவரிடம் ஓடிப்போய்ச் சொன்ன அதே வாயால் அண்ணி இதையும் சொல்ல வேண்டியிருந்தது.

"தான் திருடன் இல்லன்னு சொல்றான்ங்க."

"தெரியும்," என்றார் அவர். "காலுக்கு வருது, காதுக்கு வரல. மழைக்கு முன்னாடியே தெரியும்." கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "அவன் எடுத்திருந்தா, என் காதுக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிடும்ல. எடுத்திருக்க மாட்டானான்னு தினம் தேடினேன்."

கொழுந்தன் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்றே அண்ணி நினைத்தாள், போனால் தடுக்க அவளிடம் வார்த்தை இல்லை. அவன் உள்ளே வந்து, ஸ்பீக்கர் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, பிளக்கைப் பிடுங்கினான். பிறகு அண்ணனுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பிறந்ததிலிருந்து அண்ணன் முன்னால் குரலை உயர்த்திப் பேசாதவன், தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

"எந்தக் காதுண்ணே?"